ஏட்டில் இருக்கும் பாட்டு: மறுமலர்ச்சிக் காலக் கோயில் இசையை எல்லோருக்கும் திறந்துவிட்டால் போதுமா?

#1 வைகைக்கரை

மூன்று ராத்திரியாக ஒரே புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வத்திக்கான் நூலகம் தன் சுவடிகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது இல்லையா, அதில் 'கீஜி சுவடி' என்று ஒன்று. 1500-ஐ ஒட்டி, இன்றைய பெல்ஜியம் பக்கத்தில், தோலில் எழுதியது. பிரெஞ்சு அரசவையில் பாடகராக இருந்த ஒக்கெகெம் (1497-இல் காலமானவர்) அமைத்த திருப்பலி இசையில் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திருப்பது இந்த ஒரு புத்தகத்தின் புண்ணியத்தில். ஓரமெல்லாம் பூ, பூச்சி, பாதி மனுஷன் பாதி மிருகமாக விநோத உருவங்கள். பூவின் நிழல் தாளில் விழுகிற மாதிரி வரைந்து வைத்திருக்கிறான். பெரிதாக்கிக்கொண்டே போனால் தூரிகையின் மயிரிழை தெரிகிறது.

ஓவியம், அரிய நூல், வழிபாட்டு இசை மூன்றும் ஒரே பொருளில். ஆனால் எனக்கு எட்டுவது ஓவியம் மட்டும்தான். வைரக்கல் மாதிரி வரிசையாக நிற்கும் அந்தச் சுரங்கள் என்னிடம் வாய் திறக்க மாட்டேன் என்கின்றன. யூடியூபில் பாட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தைப் பார்த்தால், எந்தக் குரல் எந்த வரியில் போகிறது என்றே பிடிபடவில்லை. அல்வாக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கிற கதை.

இந்த மாதிரிப் பொருள்களை மக்களிடம் சேர்ப்பது என்றால் என்ன? படம் எடுத்துப் போட்டால் சேர்த்த மாதிரி ஆகிவிடுமா? விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

#2 சும்மாதான்

ஆகாதா? 500 வருஷம் முன்னாடி இந்தப் பக்கத்தைப் பார்க்கணும்னா நீங்க பிரபுவா இருக்கணும், இல்லேன்னா அவன் வீட்டுப் பாடகனா இருக்கணும். இப்ப மதுரையில படுத்துக்கிட்டே ஓசியில பார்க்குறீங்க. வாசிக்கத் தெரியலன்னா கத்துக்குங்க. அதுக்கும் வத்திக்கான்தான் வந்து டியூஷன் எடுக்கணுமா?

#3 பாளை ஆல்டோ

வைகைக்கரை அண்ணா, உங்களுக்குப் பிடிபடாததில் ஆச்சரியமில்லை. நாம் இன்று பார்க்கும் அச்சுத் தாளில் நாலு குரலும் ஒன்றின்கீழ் ஒன்றாக, கோடு போட்டுப் பிரித்து நிற்கும். அந்தக் காலப் பாடகர் குழுப் புத்தகத்தில் அப்படிக் கிடையாது. திறந்த இரண்டு பக்கத்தை நாலு மூலையாகப் பங்கு போட்டிருப்பார்கள். இடது பக்கம் மேலே உச்சக் குரல், அதற்குக் கீழே டெனார் (ஆண்களின் மேல்குரல்). வலது பக்கம் மேலே ஆல்டோ (உச்சக் குரலுக்கு அடுத்தது), கீழே பேஸ் (அடிக்குரல்). தாளக் கோடு கிடையாது. ஒரே புத்தகத்தைப் பெரிய தாங்கியில் வைத்து, பத்துப் பன்னிரண்டு பேர் அதைச் சுற்றி நின்று பாடுவார்கள். அதனால்தான் அத்தனை பெரிய எழுத்து.

அவரவர் குரல் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். மற்றவர் என்ன பாடுகிறார் என்பதைக் காதால்தான் பிடிக்கவேண்டும்.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சபையின் கொயரில் இருபது வருஷமாக ஆல்டோ. எங்களில் பாதிப்பேர் டோனிக் சோல்ஃபாவில் (சுரங்களை டோ, ரே, மி என்று எழுத்தால் குறிக்கும் முறை) வளர்ந்தவர்கள், ஐந்து கோட்டு ஸ்டாஃப் பார்த்தாலே வேர்க்கும். ஒரு பரிசுத்த வாரத்தில் எங்கள் கொயர் மாஸ்டர் ஒரு வேலை செய்தார். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய இசையமைப்பாளர் பலெஸ்திரினாவின் சின்னப் பாட்டு ஒன்றை நாலு தனித்தனித் தாளாக, கோடே இல்லாமல், ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்துவிட்டார். முதல் நாள் சந்தைக்கடை. இரண்டாம் வாரம் எண்ணுவதை விட்டுவிட்டோம். டெனார் எங்கே மூச்சு எடுக்கிறான் என்று பார்த்து அதற்குமேல் நாங்கள் ஏற ஆரம்பித்தோம். அதுவரை நான் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் பக்கத்தில் ஆள் இருப்பது தெரிந்தது.

நீங்கள் பார்க்கும் சுவடியில் 'மிஸ்ஸா ப்ரோலாத்தியோனும்' என்று ஒக்கெகெமின் திருப்பலி ஒன்று இருக்கும், தேடிப்பாருங்கள். பாடுவது நாலு குரல், எழுதியிருப்பது இரண்டே குரல். ஒரே வரியை இரண்டு பேர் சேர்ந்து தொடங்குவார்கள், ஆனால் ஆளுக்கொரு கால அளவு. முகப்பில் இருக்கும் இரண்டு குறிகள்தான் அதைச் சொல்லும். ஒருவன் முந்துவான், ஒருவன் பிந்துவான், ஆனாலும் இடிக்காது. கண்ணால் பார்த்தால் பாதிப் பாட்டுதான் இருக்கிறது. மீதிப் பாதி பாடுகிறவன் தலைக்குள் இருக்கிறது.

#4 சும்மாதான்

சரி, அந்தக் கடைசி வரிக்காக மன்னிச்சிட்டேன்.

#5 பழுப்புத்தாள்

சுவடிப் பாதுகாப்பில் வேலை பார்ப்பவன். படமெடுப்பதை லேசாகப் பேசுகிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

அந்தக் கால மை மரத்தின் கழலைக்காயும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்தது. ஈரம் பட்டால் அமிலம் வேலையைத் தொடங்கிவிடும். சாதாரண எழுத்தில் மை மெல்லிசாகத்தான் இருக்கும். இசைச் சுவடியில் சுரத்தின் தலை முழுக்க மை அப்பியிருக்கும். காலப்போக்கில் அந்த இடம் அரித்து உதிர்ந்துவிடும், சுரம் இருந்த இடத்தில் சுரத்தின் வடிவத்திலேயே ஓட்டை. தாளில் எழுதிய ஏடுகளில் இது ரொம்ப மோசம். ஒவ்வொரு முறை பக்கம் புரட்டும்போதும் இரண்டு சுரம் கீழே கொட்டும் புத்தகத்தை யார் கையில் கொடுப்பது? படம்தான் வழி. வத்திக்கானில் ஏறக்குறைய 80,000 சுவடிகள். 2014-இல் ஜப்பானின் என்டிடி டேட்டா நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டபோது முதல் தவணையாக வைத்துக்கொண்டது 3,000, அதற்கே நாலு வருஷம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. திரையில் எல்லாச் சுவடியும் ஒரே அளவு. உள்ளங்கையில் அடங்கும் ஜெபப் புத்தகமும், இரண்டு பேர் தூக்கவேண்டிய பாடகர் புத்தகமும் உங்கள் போனில் ஆறு அங்குலம்தான். பன்னிரண்டு பேர் தள்ளி நின்று வாசிப்பதற்காக எழுதிய எழுத்தை நாம் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு 'ஆகா, எத்தனை நுணுக்கம்' என்கிறோம்.

(வெள்ளைக் கையுறை போட்டுத்தான் தொடவேண்டும் என்று சினிமாவில் காட்டுவதை நம்பாதீர்கள். கழுவித் துடைத்த வெறுங்கைதான் நல்லது. கையுறைக்குத் தாளின் ஓரம் தெரியாது, கிழித்துவிடும்.)

#6 மோகனம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு ரோமாபுரியிலேயே ஒரு கதை இருக்கிறது.

கிரகோரியோ அலெக்ரி என்பவர் 1630-களில் போப்பின் சிஸ்டைன் சிற்றாலயத்துக்காக 51-ஆம் சங்கீதத்தை, அதாவது 'எனக்கு இரங்கும்' என்று மன்றாடும் அந்தத் தாவீதின் பாட்டை, இசையமைத்தார். ஐந்து குரல் கொண்ட ஒரு குழு, நாலு குரல் கொண்ட இன்னொரு குழு, மாறி மாறி. புனித வாரத்தில் மட்டும்தான் பாடுவார்கள். மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இருட்டு.

ஊரெல்லாம் இதன் புகழ் பரவ, வியன்னாவில் இருந்த பேரரசர் முதலாம் லெயோபோல்ட் போப்பிடம் பிரதி கேட்டு வாங்கினார். தேர்ந்த பாடகர்களை வைத்துப் பாடச் சொன்னார். சப்பென்று இருந்தது. பேரரசருக்குக் கோபம்: உண்மையான பாட்டை மறைத்துக்கொண்டு வேறு எதையோ அனுப்பி என்னை ஏமாற்றிவிட்டான் உங்கள் இசைத் தலைவன் என்று புகார் போனது. அந்த ஆளுக்கு வேலை போயிற்று. பிறகுதான் அவர் விளக்கினார்: அனுப்பியது அதே பாட்டுதான், ஆனால் எங்கள் பாடகர்கள் அதன்மேல் போடும் அழகுகளைத் தாளில் எழுத முடியாது, ஒருவர் வாயிலிருந்து அடுத்தவர் காதுக்கு வருவது அது. இதை 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலி சுற்றிய ஆங்கிலேய இசை வரலாற்றாளர் சார்ல்ஸ் பர்னி, அந்தச் சிற்றாலயத்துப் பாடகர் ஒருவரிடம் கேட்டு எழுதியிருக்கிறார்.

கமகத்தை எழுதி வைத்துவிட்டேன் என்று சொல்கிறவரிடம் நம்மூரில் எந்த வித்வானும் சிரிப்பாரே, அந்தச் சிரிப்புதான் இது. சுரப்படுத்திய புத்தகத்தை மட்டும் பார்த்து ஒரு தோடியைப் பாடிவிட முடியுமா?

#7 சும்மாதான்

இந்தப் பாட்டைத்தானே மோட்சார்ட் பொடியனா இருக்கும்போது ஒரு தடவை கேட்டுட்டு வீட்டுக்கு வந்து எழுதிட்டார், வெளியே எடுத்துட்டுப் போனா சபையை விட்டே தள்ளி வைப்பாங்கன்னு வாட்ஸாப்ல வரும்? அது நிஜமா?

#8 மோகனம்

பாதி நிஜம். 1770, ஏப்ரல். பையனுக்கு வயது 14. ரோமுக்கு வந்து சேர்ந்ததே புனித வாரத்தில். அப்பா லெயோபோல்ட் மோட்சார்ட் 14-ஆம் தேதி மனைவிக்கு எழுதிய கடிதத்தில், வெளியே கொண்டுபோனால் சபைவிலக்கு என்று சொல்லப்படும் அந்தப் பாட்டு இப்போது நம் கையில், வொல்ஃப்காங் எழுதிவிட்டான் என்கிறார். ஆனால் பாட்டு அத்தனை பெரிய ரகசியமாக இருக்கவில்லை. வியன்னாவுக்கும், போர்ச்சுக்கல் அரசருக்கும், பொலோஞ்ஞாவில் இருந்த பாதிரி மார்த்தினிக்கும் முன்பே பிரதி போயிருந்தது. அடுத்த வருஷமே, 1771-இல், பர்னி லண்டனில் அச்சிட்டுவிட்டார். யாரையும் சபையை விட்டுத் தள்ளவும் இல்லை. அதே 1770 ஜூலையில் போப் அந்தப் பையனுக்கு 'தங்கக் குதிமுள்' வீரப்பட்டம் கொடுத்தார்.

யாரும் பகிராத வரி ஒன்று அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. சால்ஸ்பர்க்குக்கு இதை இப்போதே அனுப்பியிருப்பேன், ஆனால் பாடிக் காட்ட நாங்கள் அங்கே இருக்கவேண்டும். பாட்டு அமைந்த விதத்தைவிட அதைப் பாடும் விதம்தான் பெரிய வேலை செய்கிறது என்கிறார் அப்பா. எழுதிய பையனின் அப்பாவே சொன்னது.

#9 பாளை ஆல்டோ

மோகனம் சார், அந்தச் சொப்ரானோ (உச்சக் குரல்) உயரே போகும் இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். எங்கள் கொயரில் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

#10 மோகனம்

நீங்களே ஆரம்பித்துவிட்டீர்களா. சரி.

இன்று உலகம் முழுக்க இந்தப் பாட்டை நேசிப்பது ஒரே ஒரு இடத்துக்காக. சின்னப் பையனோ பெண்ணோ ஒருவர் தனிக்குரலில் மேல் ஸ்தாயியில் 'சி' வரை ஏறி நிற்பார். கேட்டவர்களுக்குப் புல்லரிக்கும். எனக்கும்.

அது அலெக்ரி எழுதியதில்லை. 1831-இல் ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சோன் ரோமில் கேட்டு எழுதிய குறிப்பில் ஒரு பகுதி நாலு சுரம் மேலே இருக்கிறது. அந்தப் பகுதியை 1880-இல் குரோவ் இசை அகராதியின் கட்டுரையில், வேறு சுருதியில் இருந்த பாட்டோடு அப்படியே ஒட்டித் தைத்துவிட்டார்கள். கீழ்க்குரல் ஒரு வீட்டில், மேல்குரல் மாடியில். அந்தத் தையலே பிறகு பதிப்புகளில் ஏறியது. 1963-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக் குழு ஆங்கிலத்தில் பாடிய இசைத்தட்டு வந்ததும் அதுதான் 'அலெக்ரி' என்று நிலைத்துவிட்டது. 2015-இல் சிஸ்டைன் குழுவே 1661-ஆம் ஆண்டுச் சுவடியை வைத்துத் தங்கள் சிற்றாலயத்திலேயே பாடிப் பதிவு செய்திருக்கிறது. கேட்டுப்பாருங்கள். மாடி இல்லை.

#11 பாளை ஆல்டோ

கேட்டேன். என் மனசு ஒப்பவில்லை. தப்பு என்று தெரிந்தும் அந்த உச்சி எனக்கு வேண்டும். எங்கள் சபையில் அந்த இடம் வரும்போது கடைசி பெஞ்சுப் பாட்டி கண்ணை மூடுவார்கள். அவர்களிடம் போய் 1880 அகராதி என்றா சொல்வது?

#12 மோகனம்

சொல்லவேண்டாம். அருணாசலக் கவிராயர் எந்த மெட்டில் பாடினாரோ, இன்று மேடையில் கேட்பது பின்னால் வந்தவர்கள் போட்டுக்கொடுத்த மெட்டு. நாம் உருகாமலா இருக்கிறோம்? ஆனால் உறையில் 'மூலப் பாடம்' என்று அச்சிட்டு விற்கக்கூடாது. என் சண்டை அவ்வளவுதான்.

#13 தேம்ஸ் பக்கம்

நான் இஞ்ச லண்டனில இருக்கிறன். லத்தீனும் தெரியாது, நொட்டேஷனும் தெரியாது. எண்டாலும் எனக்கு நடந்ததைச் சொல்லுறன்.

தோமஸ் டாலிஸ் எண்ட இங்கிலாந்துக்காரர் 1570 வாக்கில 40 தனிக்குரலுக்கு ஒரு பாட்டு எழுதியிருக்கிறார், 'ஸ்பெம் இன் ஆலியும்'. எட்டுக் குழு, குழுவுக்கு அஞ்சு பேர். உம்மிலயன்றி வேற ஒருத்தரிலயும் நான் நம்பிக்கை வைச்சதில்லை எண்டதுதான் தொடக்கம். கனடாவைச் சேர்ந்த ஜேனட் கார்டிஃப் 2001-இல என்ன செய்தவ எண்டால், சால்ஸ்பரி தேவாலயக் குழுவை வைச்சு 40 குரலையும் தனித்தனியாப் பதிஞ்சு, 40 ஒலிபெருக்கியை ஆள் உயரத்துக்கு நிறுத்தி, நீள்வட்டமா வைச்சுவிட்டா. ஒரு பெட்டி, ஒரு ஆள்.

நான் ஒரு காட்சிக்கூடத்தில மழைக்கு ஒதுங்கப் போனனான். உண்மை அதுதான். நடுவில நிண்டால் சுவர் மாதிரி ஒலி வருது. ஒரு பெட்டிக்குக் கிட்டப் போய்க் காதை வைச்சால், ஒரு சின்னப் பொடியன் பயந்து பயந்து பாடுறான். அடுத்த பெட்டியில ஒரு கட்டைக் குரல், எனக்கு அப்படியே எங்கட ஊர்க் கோயில்ல பாடுற பெரியையாவின்ர குரல். பாட்டில நாப்பதாவது தாளக் கட்டுக்குக் கிட்ட எல்லாரும் ஒண்டாச் சேருற இடம் வரும். அதில என்ர கால் நகரேல்ல.

அதைவிடப் பிடிச்சது வேற. பாட்டு பதினொரு நிமிசம். அதுக்குப் பிறகு மூண்டு நிமிசம் பாடகர் இருமுறது, கதைக்கிறது, தொண்டையைச் செருமுறது எல்லாத்தையும் அப்படியே விட்டிருக்கிறா. எனக்கு அப்பதான் இது மனுசர் பாடினது எண்டு விளங்கினது. பக்கத்தில ஒரு வயசான அம்மா, ஒரே பெட்டிக்கு முன்னால, கதிரையும் இல்லாமல் முழுக்க நிண்டவ. நான் மூண்டு தரம் சுத்திக் கேட்டன், மழை விட்டது தெரியாது.

#14 சும்மாதான்

அண்ணே, நல்லா எழுதுறீங்க. ஆனா ஒரு கேள்வி. சாமிக்குப் பாடினதை எடுத்து மியூசியத்துல ஸ்பீக்கர்ல போட்டா அது என்ன? வழிபாடா, வேடிக்கையா?

#15 பழுப்புத்தாள்

இந்தக் கேள்விக்குச் சிஸ்டைனிலேயே பதில் தேடலாம். ஓவியத்துக்கும் இதே தகராறுதான்.

மிக்கேலாஞ்சலோவின் கூரை ஓவியத்தையும் (1508 முதல் 1512) பலிபீடச் சுவரின் 'இறுதித் தீர்ப்பை'யும் (1536 முதல் 1541) சுத்தம் செய்யும் பணி 1980 முதல் 1994 வரை நடந்தது. செலவை ஏற்றது ஜப்பானின் நிப்பான் தொலைக்காட்சி. பதிலுக்கு, படமெடுக்கும் உரிமை குறிப்பிட்ட காலத்துக்கு அவர்களிடம். நானூறு வருஷ மெழுகுவர்த்திப் புகையும் பழைய பசையும் போனதும், உள்ளே இருந்து பச்சையும் ஆரஞ்சும் கண்ணைப் பறித்தன. பாதி உலகம் கைதட்டியது. ஜேம்ஸ் பெக் போன்ற கலை வரலாற்றாளர்கள், அழுக்கோடு சேர்த்து மிக்கேலாஞ்சலோ கடைசியாகப் போட்ட நிழல் பூச்சையும் துடைத்துவிட்டீர்கள் என்று சண்டை போட்டார்கள். துடைத்ததைத் திரும்ப ஒட்டமுடியாது என்பதால் என் தொழிலில் இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. நான் துடைத்தவர்கள் பக்கம், ஆனால் நிம்மதியாகத் தூங்கும் அளவுக்கு இல்லை.

வேலை முடிவதையொட்டி 1994 ஏப்ரலில் அங்கே 'டாலிஸ் ஸ்காலர்ஸ்' என்ற ஆங்கிலக் குழு பாடியது; இத்தாலியிலும் ஜப்பானிலும் தொலைக்காட்சியில் வந்தது. அது திருப்பலி அல்ல, கச்சேரி. அதே இடம், அதே மாதிரிப் பாட்டு, வழிபாடு மட்டும் இல்லை. சாதாரண நாளில் போனால் தோளோடு தோள் உரசும் கூட்டம், எல்லோருக்கும் அண்ணாந்த கழுத்து, 'சத்தம் போடாதீர்கள், படம் எடுக்காதீர்கள்' என்று காவலர் போடும் சத்தம்.

ஆனால் பக்கச் சுவரில் பாடகர்கள் நின்று பாடும் ஒரு சின்ன மாடம் இருக்கிறது. அதன் உட்சுவர் முழுக்கப் பாடகர்கள் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று 'ஜோஸ்கின்'. 1489-ஐ ஒட்டிப் போப்பின் குழுவில் சேர்ந்த ஜோஸ்கின் தெப்ரே, அந்தத் தலைமுறையின் பெரிய இசைமேதை. மாமல்லபுரத்துப் பாறையில் நம் காதலர்கள் கீறுவார்களே, அதே கைவேலை. வழிபாட்டுக்கு நடுவே அலுப்பும் இருந்திருக்கிறது, குறும்பும் இருந்திருக்கிறது. முழு பக்தி என்று ஒன்று அன்றைக்கே இருந்து, அதை மியூசியம் கெடுத்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

#16 வைகைக்கரை

தில்லையில் பூட்டிய அறைக்குள் கரையான் தின்றது போக மிஞ்சிய தேவார ஏடுகளையும், பண் தெரிந்தவர் வேண்டும் என்று நம்பியாண்டார் நம்பி யாழ்ப்பாணர் வழிவந்த பெண்ணைத் தேடிப் போன கதையையும் நினைத்துக்கொண்டேன். ஏடு கிடைத்த பிறகும் பாடுகிற ஆளைத் தேடத்தானே வேண்டியிருந்தது.

#17 சும்மாதான்

எதை எடுத்தாலும் கடைசியில நம்மூருக்கு இழுத்துட்டு வந்துடுறது. ரோம்லயே இருங்கப்பா.

#18 பழுப்புத்தாள்

இது இழுத்து வந்ததில்லை, அங்கேயே இருப்பது. கீஜி சுவடி இருக்கும் அதே வத்திக்கான் நூலகத்தில்தான் 1586-இல் அச்சான தமிழ்ப் புத்தகம் 'அடியார் வரலாறு' இருக்கிறது. அதற்கு எட்டு வருஷம் முன்னால், 1578 அக்டோபர் 20-இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. இரண்டும் அண்டிரிக்கி அடிகளார் என்று நம்மவர்கள் அழைத்த ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் செய்தவை; முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கொடுத்த பணத்தில் வந்தவை. 'தம்பிரான் வணக்கம்' வந்தபோது டாலிஸும் பலெஸ்திரினாவும் உயிரோடு இருந்தார்கள். 'தம்பிரான் வணக்க'த்தின் பதினாறு பக்கமும் அடங்கிய, இன்று தெரிந்த ஒரே பிரதி ஹார்வர்டில்.

அதன் படத்தைப் பார்த்தபோது எனக்கு என்ன ஆயிற்று தெரியுமா? என் தாய்மொழி, எனக்குத் தெரிந்த எழுத்து. ஆனால் மெய்க்குப் புள்ளி இல்லை, எகர ஏகார வேறுபாடு இல்லை. முதல் பத்தியிலேயே நாலு இடத்தில் நின்றுவிட்டேன். பிறகு சத்தமாக வாசித்தேன். வாய் போன வழியில் அர்த்தம் பின்னால் வந்தது. வைகைக்கரைக்கு ஒக்கெகெமிடம் நடப்பதுதான் எனக்குத் தமிழிலேயே நடந்தது.

#19 பாளை ஆல்டோ

வைகைக்கரை அண்ணா, இத்தனை பேர் பேசிவிட்டார்கள், நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அந்தச் சுவடியிலிருந்து ஒக்கெகெமின் மரித்தோர் திருப்பலியின் முதல் பாட்டை எடுத்துக்கொண்டேன். பல்குரலில் அமைந்த மரித்தோர் திருப்பலிகளில் இன்று கிடைப்பவற்றுள் பழையது இதுதான். மூன்றே குரல், மெதுவாகப் போவது, நமக்குத் தாங்கும். மூன்று பகுதியையும் ஒரே ஏ-3 தாளில் சுவடியில் இருக்கிற மாதிரியே பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டி, மூன்று பேர் நின்று பாடிப் பார்த்தோம். நாலாவது வரியில் கவிழ்ந்தோம். மூன்றாம் முறை ஏழாவது வரை போனோம்.

இரண்டு சிக்கல். ஒன்று, ஸ்தாயிக்குறி வரிக்கு வரி இடம் மாறுகிறது, சோல்ஃபாக்காரர்களுக்குத் தலை சுற்றுகிறது. மேல்குரலுக்கு மட்டும் நான் சோல்ஃபா எழுதிவிட்டேன், மற்ற இரண்டுக்கும் யாராவது உதவினால் நல்லது. இரண்டு, ஏ-3 போதவில்லை. எங்கள் டெனாருக்கு வெள்ளெழுத்து, அவர் முன்னால் வந்து நின்றால் மற்றவர்களுக்கு மறைக்கிறது.

#20 பழுப்புத்தாள்

ஏ-1-இல் அடியுங்கள். பளபளத் தாள் வேண்டாம், விளக்கு பட்டால் கூசும். கண் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே ஒட்டுங்கள், டெனார் எங்கே நின்றாலும் மறைக்காது.

#21 வைகைக்கரை

அந்த மேல்குரல் சோல்ஃபாவை இங்கே போடுங்களேன். சனிக்கிழமை வரை எனக்கு நேரம் இருக்கிறது. முதல் வரியையாவது ஹம் செய்யப் பார்க்கிறேன்.